சக்கரமும் பாதையும்

பழம்பொருளைப் போற்றுவது நமக்குப் புதிய வழக்கமன்று. பாட்டனார் கையாண்ட பாக்குவெட்டியையும் பாட்டி கொண்டுவந்த செம்பையும் எறிந்துவிட மனம் வராமல், தகரப் பெட்டியின் அடியிலே பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் நமது தோட்டங்களில் எத்தனையோ உண்டு. ஆயினும், ஒரு பொருளை வைத்திருப்பது வேறு. அதன் வரலாற்றை அறிந்து, பிறரும் கண்டு பயன்பெறுமாறு எடுத்து வைப்பது வேறு. முன்னது உடைமை, பின்னது கல்வி. இவ்வேறுபாட்டை விளக்குவதற்குப் பழைய மோட்டார் வண்டிகளைச் சேகரித்து ஊராருக்குத் திறந்துவைத்தவர்களின் கதை மிகவும் பொருத்தமானதாகும்.

மோட்டார் வண்டிக்கும் மலைநாட்டுத் தொழிலாளர் சமுதாயத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். ஏறிச் சென்றவர்கள் துரைமார். ஒதுங்கி நின்று வழிவிட்டவர்கள் நம்மவர்கள் என்று அவர்கள் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் பாதி உண்மையே. மற்றப் பாதியை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயமுத்தூரில் ஒரு காட்சிசாலை

தமிழ்நாட்டிலே, கோயமுத்தூர் அவினாசி சாலையில், ஜீடி கார் மியூசியம் என்னும் மோட்டார்க் காட்சிசாலை இருக்கிறது. 2015ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. ஜி. டி. நாயுடுவின் மகனார் ஜி. டி. கோபால் திரட்டிய வண்டிகளே இங்கு வைக்கப்பட்டுள்ளன. அரசர்களும் செல்வர்களும் தங்கள் பெருமைக்காக வாங்கி நிறுத்தும் ஆடம்பர வண்டிகளின் அணிவகுப்பு என்று இதனைக் கருதலாகாது. பொறியியலில் ஏதேனும் ஒரு புதுவழியைக் காட்டிய வண்டிகளுக்கே இங்கு முதலிடம். உலகின் முதல் மோட்டார் வண்டி எனப் போற்றப்படும் 1886ஆம் ஆண்டுப் பென்ஸ் வண்டியின் மாதிரியும், சாதாரண மக்களும் வாங்கத்தக்கதாய் ஐரோப்பாவிலே தோன்றிய சிறு வண்டிகளும் இங்கு இடம் பெற்றிருக்கின்றன. பள்ளி மாணவரும் தொழில் பயில்வோரும் வந்து பார்க்கிறார்கள்.

இத்தகைய நோக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, ஜி. டி. நாயுடுவின் வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். அவர் 1893ஆம் ஆண்டு கோயமுத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் அவருக்கு நாட்டம் இருந்ததில்லை. இளமையில் ஆங்கில அதிகாரி ஒருவருடைய மோட்டார்ச் சைக்கிளைக் கண்டு வியந்தார். வியந்ததோடு நின்றாரில்லை. அதனை எப்படியும் வாங்கிவிட வேண்டும் என்னும் உறுதியோடு, கோயமுத்தூர் ஹோட்டல் ஒன்றிலே பரிமாறும் வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வாங்கிய பின்னர் அவர் செய்த காரியந்தான் கவனிக்கத்தக்கது. அதில் ஏறி ஊரைச் சுற்றி வந்து பெருமை பேசவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டு, மீண்டும் பூட்டினார். எந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதைத் தம் கையாலேயே கற்றுக்கொண்டார்.

1920ஆம் ஆண்டிலே, கோயமுத்தூரில் காப்பித் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வண்டியை வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்த யுனைட்டெட் அல்ல, ‘யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ்’ என்னும் அவரது நிறுவனம், 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 வண்டிகளை உடையதாயிற்று. 1937இல் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதலாவது மின்சார மோட்டார் கோயமுத்தூரில் உருவானபோது, அம்முயற்சியிலும் அவருக்குப் பங்கிருந்தது. 1974ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். ஹோட்டலிலே எச்சில் மேசை துடைத்த கையே பிற்காலத்தில் தொழிற்சாலைகளை எழுப்பியது. அந்தக் கைக்குரிய குடும்பம் திரட்டிய வண்டிகள் பூட்டிய கொட்டிலில் கிடக்காமல் மாணவர் முன்னே நிற்பது இயல்பே அன்றோ?

கதவைத் திறந்த தொழிலாளர்

இதற்கு நேர்மாறான கதை ஒன்று பிரான்சு தேசத்திலே நடந்தது. அங்கே முலூஸ் என்னும் நகரில் ஷ்லும்ப் சகோதரர் இருவர் கம்பளி நூல் ஆலைகளை நடத்திவந்தனர். இவர்கள் ஆலை வருமானத்தைக் கொண்டு, 400க்கு மேற்பட்ட பழைய மோட்டார் வண்டிகளை வாங்கி, ஒரு பழைய ஆலைக் கட்டடத்தினுள்ளே மறைத்து வைத்திருந்தனர். பெயர் பெற்ற புகாட்டி வண்டிகள் மாத்திரம் நூற்றுக்கு மேல். வெளியார் கண்ணில் அவை படுவது அரிது.

1970ஆம் ஆண்டுகளில் நூல் தொழில் நலிந்தது. ஆலைகளில் வேலை போயிற்று. சகோதரர் இருவரும் சுவிட்சர்லாந்துக்குச் சென்றுவிட்டனர். 1977ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தொழிலாளர்கள் அக்கட்டடத்தினுள் புகுந்தார்கள். மின்விளக்குகளின் கீழே வரிசை வரிசையாக மின்னிக்கொண்டு நின்ற வண்டிகளைக் கண்டார்கள். தங்கள் உழைப்பின் பயன் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது அப்போதுதான் அவர்களுக்குக் கண்கூடாய்த் தெரிந்தது.

அவர்கள் அவ்வண்டிகளை அடித்து நொறுக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அவ்விடத்துக்குத் தொழிலாளர் ஆலை என்று பெயரிட்டு, ஏறத்தாழ இரண்டாண்டுகள் தாங்களே காவல் இருந்து, பொதுமக்களை உள்ளே அழைத்துக் காட்டினார்கள். 1978இல் பிரெஞ்சு அரசாங்கம் அச்சேகரிப்பைத் தேசத்தின் வரலாற்றுச் செல்வமாகப் பதிவு செய்தது. 1982 முதல் அது தேசிய மோட்டார் நூதனசாலையாக விளங்குகின்றது. உடையவர் மறைத்து வைத்ததை உழைத்தவர் திறந்து வைத்தார்கள் என்பதே இவ்வரலாற்றின் சாரம். இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு நமது மலைநாட்டுக்கு வருவோம்.

பாதை வந்த கதை

மோட்டார் வண்டி வருவதற்குமுன் பாதை வரவேண்டும். கண்டி இராச்சியம் 1815இல் ஆங்கிலேயர் வசமான பின்னர், தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்திலே கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. அதனை அமைத்த கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையிலே ஓங்கிய ஒரு ஞாபகத் தூண் நிற்கிறது. அத்தெருவிலே மண் வெட்டிக் கல் சுமந்த சிங்களக் குடியானவர்கள் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தினால் அழைக்கப்பட்டவர்கள். அவர்களுடைய பெயர் எந்தத் தூணிலும் இல்லை.

1832ஆம் ஆண்டுக்குப் பின் இராசகாரியம் ஒழிந்தது. காப்பித் தோட்டங்கள் பெருகின. மலைக்கு மேலே தெருக்கள் தேவைப்பட்டன. அப்போது கூலி கொடுத்து அமர்த்தப்பட்ட தெருவேலைப் படைகளில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் பெருந்தொகையினராயினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாய் நடந்து, நோயாலும் பசியாலும் வழியிலேயே பலரைப் பறிகொடுத்து மலைக்கு வந்து சேர்ந்த நம் முன்னோரின் துயரக் கதையை நாம் அறிவோம். வந்தவர்கள் காப்பியை மாத்திரம் நட்டார்களல்லர். பாறையைப் பிளந்தார்கள், ஓடைக்குப் பாலம் போட்டார்கள், மலையின் விலாவைச் செதுக்கி வளைவு வளைவாகத் தெரு அமைத்தார்கள்.

காப்பி நோய்ப்பட்டு அழிந்து தேயிலை தழைத்தபோது, இரும்புப் பாதையும் மலையேறிற்று. 1867இல் கண்டிக்கு வந்த புகையிரதம் 1884இல் ஹற்றனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் செல்லும் சிறிய புகையிரதப் பாதையும் 1904இல் முற்றுப் பெற்றது. அதே ஆண்டிலேதான் இலங்கையில் மோட்டார் வண்டி உடையோரின் சங்கமும் தோன்றிற்று. புகையிரதத்தின் பிற்காலப் போட்டியாளன் அப்பொழுதே பிறந்துவிட்டான் எனலாம். மோட்டார் லொறிகளும் பஸ் வண்டிகளும் பெருகப் பெருகச் சின்னப் புகையிரதத்துக்கு வருமானம் சுருங்கிற்று. 1940ஆம் ஆண்டுகளில் அது ஓய்ந்து போயிற்று.

ஏற்றத்தில் நின்ற வண்டி

மோட்டார் வண்டிக்கும் மலைக்கும் தொடக்க முதலே ஒரு பகை உண்டு. 1888ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, கார்ல் பென்ஸ் என்னும் ஜெர்மானியர் செய்த மூன்று சக்கர வண்டியை அவர் மனைவி பெர்த்தா அம்மையார் தம் இரு புதல்வரோடு நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம் ஓட்டிச் சென்றார். உலகின் முதலாவது நெடும் மோட்டார்ப் பயணம் அதுவே. அந்த வண்டியின் எஞ்சினுக்கு வலு மிகவும் குறைவு. மேட்டு நிலம் வந்தபோதெல்லாம் பிள்ளைகள் இறங்கிப் பின்னின்று தள்ளினார்கள். இறக்கத்தில் பிரேக் கட்டை தேய்ந்தபோது, வழியிலே ஒரு சக்கிலியத் தொழில் செய்வோரிடம் தோல் வைத்துத் தைத்துக்கொண்டார்கள். இப்பயணத்தின் அனுபவத்தால், ஏற்றத்துக்கென்று மேலும் ஒரு கியர் அமைக்கப்பட்டது. மோட்டார் வண்டிக்குக் கியரின் அருமையைக் கற்றுக்கொடுத்த ஆசான் மலையே.

1908ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே தோன்றிய போர்ட் ‘ரி’ மொடல் வண்டியிலும் ஒரு விந்தை இருந்தது. பெற்றோல் தொட்டி ஆசனத்தின் கீழே இருந்தது. அங்கிருந்து எண்ணெய் தானாகவே வழிந்து எஞ்சினுக்குச் செல்லும். செங்குத்தான ஏற்றத்திலே எஞ்சின் மேலாகவும் தொட்டி தாழ்வாகவும் வந்துவிட்டால், பெற்றோல் குறைந்திருக்கும் வேளையில் எஞ்சின் நின்றுவிடும். ஆகையால் சாரதிமார் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மலையேற்றுவார்கள்! இத்தகைய வண்டிகள் ஒன்றரைக் கோடி செய்யப்பட்டன என்றால், உலகெங்கும் எத்தனை மலைகளில் இக்காட்சி நிகழ்ந்திருக்கும்!

நமது மலைத் தெருக்களில் ஒரு பழைய வண்டியை ஓட்டுவது எளிய காரியமன்று. ஏற்றத்திலே ரேடியேட்டர்த் தண்ணீர் கொதிக்கும். பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றி, சூடு ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும். இறக்கத்திலே பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடியற்றுப் போகும். சின்னக் கியரில் விட்டு எஞ்சினாலேயே வண்டியைப் பிடிக்க வேண்டும். மூடுபனி இறங்கிவிட்டால் முன்னே நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வழி மழையில் வழுக்கும். இவற்றையெல்லாம் அறிந்து ஓட்டிய சாரதியின் கைத்திறம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கற்றதன்று.

மலையை வெல்லுவதே ஒரு விளையாட்டாகவும் ஆயிற்று. நுவரெலியாவிலே மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டத்தில் 1934ஆம் ஆண்டிலே மோட்டார் மலையேற்றப் பந்தயம் தொடங்கிற்று. தேயிலைச் செடிகளுக்கு நடுவே செல்லும் அந்தத் தோட்டப் பாதை இலங்கையின் மோட்டார் வரலாற்றில் நிலையான இடம் பெற்றுவிட்டது. யார் எத்தனை விநாடியில் ஏறினார் என்பதற்குக் கணக்கு உண்டு. அந்தப் பாதையைச் செப்பனிட்ட கைகளுக்கு மாத்திரம் கணக்கு இல்லை.

பழைய வண்டிகளின் ஆயுள்

வேறு நாடுகளில் பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே இரும்புக் கடைக்குப் போய்விடும் வண்டி, இலங்கையிலே ஐம்பது அறுபது ஆண்டுகள் ஓடியதற்கு ஒரு காரணம் உண்டு. 1960ஆம் ஆண்டுகளில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் மோட்டார் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டுவரை அந்நிலை நீடித்தது. புது வண்டி வாராதபோது பழையதைக் காப்பாற்றியே தீரவேண்டும். உதிரி உறுப்புக் கிடைக்காதபோது பட்டறைத் தொழிலாளர் அதனை அடித்தும் கடைந்தும் தாமே செய்தார்கள். 1948 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட மொறிஸ் மைனர், அதன் சமகாலத்து ஒஸ்ரின், லாண்ட் றோவர் முதலிய வண்டிகள் இன்று விலைமதிப்புள்ள பழம்பொருள்களாய் இருப்பதற்கு, சேகரிப்போரின் ஆர்வம் ஒரு காரணம் என்றால், கரி படிந்த பட்டறைக் கைகளின் திறமை அதனினும் பெரிய காரணமாகும்.

கொழும்பிலே கோல்பேஸ் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் நைன் வண்டி ஒன்று பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. பிற்காலத்தில் எலிசபெத் மகாராணியாரின் கணவரான பிலிப் இளவரசர், 1940இல் கடற்படையிலே இளம் அதிகாரியாய் இங்கு வந்திருந்தபோது 12 பவுணுக்கு வாங்கிய வண்டி அது. அவர் சொந்தமாக வாங்கிய முதல் வண்டியும் அதுவே. ஓர் இளவரசர் சில காலம் ஓட்டியமையால் ஒரு சிறு வண்டி வரலாற்றுப் பொருளாயிற்று. அதில் தவறு யாதுமில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகின்றது. நாற்பது ஆண்டுகள் மலைத் தெருவிலே ஒரு தோட்ட லொறியைப் பழுதின்றி ஓட்டிய சாரதியின் பெயரால் ஒரு பொருளேனும் எங்கேனும் வைக்கப்பட்டிருக்கின்றதா?

விடுபட்ட பெயர்கள்

இக்கேள்வி வெறும் மனக்குறையன்று. பெயர் பதிவின்மை நம் சமுதாயத்தை எவ்வளவு வருத்தியது என்பதை வரலாறு காட்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது, இந்நாட்டவர் என்பதற்குத் தந்தை, பாட்டன் பிறப்பைக் காட்டும் சாட்சி கேட்கப்பட்டது. மலையைச் செதுக்கித் தெரு அமைத்த பாட்டனுக்குப் பத்திரம் ஏது? தெருவே அவருடைய சாட்சி. ஆனால் தெரு நீதிமன்றத்தில் வாய் திறந்து பேசாது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் தீர்மானித்தார்கள். எத்தனையோ குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. கப்பலேறியவர்களுள் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே சுமந்தார்கள். அந்த நீலகிரியின் அடிவாரத்திலேதான், மேலே கூறிய கோயமுத்தூர் இருக்கின்றது. இங்கே எஞ்சியிருந்தோரின் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

ஒரு காகிதம் இருந்தால் ஒரு குடும்பம் நின்றிருக்கும், இல்லாமையால் பெயர்ந்தது. ஆகவே, பழைய பத்திரங்களையும் பொருள்களையும் போற்றுவது நம்மவர்க்குப் பொழுதுபோக்கன்று; வாழ்க்கைப் பாடம்.

இப்பாடத்தை உணர்ந்து செய்யப்பட்ட நல்ல முயற்சி ஒன்று மலைநாட்டிலேயே உண்டு. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்திலே, பழைய லயன் காம்பிராக்களையே காட்சிசாலையாக்கி, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்றைச் சமூக அபிவிருத்தி நிறுவகத்தார் 2007இல் அமைத்தார்கள். தொழிலாளர் கையாண்ட கருவிகளும் வீட்டுப் பொருள்களும் பத்திரங்களும் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன. அந்தானையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை பழைய தொழிற்சாலை இயந்திரங்களைக் காட்டுகிறது. இயந்திரத்தை அங்கே காணலாம். அதனோடு வாழ்ந்தவரை இங்கே காணலாம். இரண்டையும் பார்த்தவனே தேயிலையின் வரலாற்றை முழுமையாகப் பார்த்தவனாவான்.

நாம் செய்யத்தக்கது

மோட்டார் வண்டிகளைச் சேகரிக்க நம்மிடம் பொருள் இல்லை. நிறுத்த இடமும் இல்லை. ஆனால் வண்டியைவிட விரைவாக மறைந்துபோகும் வேறொன்று நம்மிடம் உண்டு. அதுவே முதியோரின் நினைவு. வண்டி துருப்பிடித்தால் தேய்த்து மெருகிடலாம். பழைய சாரதி ஒருவர் கண் மூடினால், அவர் அறிந்த வளைவுகளும் அவரோடு போய்விடும்.

வாலிப அன்பர்கள் தத்தம் தோட்டத்திலே சிறு முயற்சி ஒன்றைத் தொடங்கலாம். அத்தோட்டத்தில் லொறியும் காரும் ஓட்டியவர்கள் யார், பட்டறையில் வேலை செய்தவர்கள் யார், தெருவெட்டிய குடும்பங்கள் எவை என்று முதியோரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பழைய சாரதி அனுமதிப் பத்திரம், செக்றோல் ஏடு, பிரட்டுக்கு ஊதிய கொம்பு, கவ்வாத்துக் கத்தி, கல்லுடைத்த சுத்தியல், ஒப்பந்தக் காலத்துக் கடிதம் ஆகிய எதுவாயினும் சரி, எறியப்படுமுன் கேட்டு வாங்கலாம். பழைய புகைப்படங்களில் வண்டிக்கருகே நிற்பவர் பெயரைப் படத்தின் பின்புறத்திலே பென்சிலால் குறித்து வைக்கலாம். துரையின் பெயர் வேறெங்கேனும் கிடைக்கும். பக்கத்தில் நிற்கும் நம்மவர் பெயர் அங்கேயே எழுதப்படாவிட்டால் என்றும் கிடைக்காது. கொடுத்தவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பனவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிய வேண்டும். வாசிகசாலையின் ஓர் அலுமாரி இதற்குப் போதும். ஆண்டுக்கொரு முறையேனும் அவ்வலுமாரியைத் திறந்து, பிள்ளைகளை அழைத்துக் காட்ட வேண்டும். பூட்டி வைத்தால் நாமும் முலூஸ் நகரத்துச் சகோதரர் ஆகிவிடுவோம்.

ஆயுத பூசையன்று வண்டியைக் கழுவிச் சந்தனம் சாத்தி, மாலையிட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சங்கனி வைத்து ஓட்டுகிறோம். உழைப்புக்குத் துணைநின்ற கருவியை வணங்குவது நமது பண்பு. அக்கருவி ஓடுவதற்குப் பாதை வெட்டிய கையையும், அதனைப் பிடித்து ஓட்டிய கையையும் நினைத்துப் போற்றுவதே அப்பண்பின் நிறைவு. ஊர் கூடி வடம் பிடித்தாலன்றித் தேர் அசையாது. மலைநாட்டில் ஓடிய ஒவ்வொரு வண்டியும் அவ்வாறு பலர் இழுத்த தேரே. அவர்களுடைய பெயர்களை எழுதி வைக்கும் வேலை இன்னும் பாக்கியிருக்கிறது. அதனைச் செய்து முடிக்கும் பொறுப்பு நம் தலைமுறையைச் சார்ந்ததாகும்.